சேவல் பிராது

என் தலைமுடியைப் பற்றி நானே பேசினால் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் வருஷம் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் வேலை செய்த ஆண்களில் என்னைப் போல முடி வைத்திருந்தவன் ஒருவன்கூடக் கிடையாது. நெற்றிக்கு மேலே ஒரு வளைவு, காதை மூடி ஒரு சுருள், பிடரியில் சட்டைக் காலரைத் தொட்டும் தொடாமலும் ஒரு முடிவு. பொம்மை செய்யும் பட்டறையில் நாளெல்லாம் வெள்ளை மண் தூசி பறக்கும். மற்றவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்வார்கள். நான் தலையில் கட்டிக்கொள்வேன். மூக்கில் ஏறியதைச் சிந்திவிடலாம், தலையில் ஏறியதை என்ன செய்வது?

எனக்கு வயது முப்பத்தொன்று. அதற்குள் மூன்று இடத்தில் பெண் பார்த்து மூன்றும் தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டில் பட்டறை வேலை வேண்டாம் என்றார்கள். இன்னொரு வீட்டில் ஜாதகம். மூன்றாவது வீட்டில் காரணமே சொல்லவில்லை, காபியில் மட்டும் சர்க்கரை போடாமல் கொடுத்து அனுப்பினார்கள். எனக்குக் காது கொஞ்சம் பெரிசு, முன்பல் கொஞ்சம் எடுப்பு. பல்லை வாயை மூடி மறைத்துக்கொள்வேன். காதை மறைத்ததும், ராஜ்மோகன் என்ற பெயருக்கு என்னைக் கொஞ்சமாவது பொருத்தமாகக் காட்டியதும் முடிதான். அந்த முடிக்கு எதிராக என் கையாலேயே ஒரு பிராது எழுதிக் கொடுத்தேன் என்றால் யாராவது நம்புவார்களா?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். முருகன்தான், ஆனால் எங்களுக்கு அவர் கோர்ட்டு மாதிரி. ஆடு காணாமல் போனாலும், கொடுத்த வாக்கை ஒருத்தன் மீறினாலும் ஒரு தாளில் எழுதி அவர் காலடியில் வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வந்தால் போதும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்று ஜனங்கள் சொல்வார்கள். வழக்கு தீர்ந்ததும் மறுபடி போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட வேண்டும். வாங்காமல் விட்டால் அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும்.

என் அக்கா பானுமதிக்கு அந்தக் கோயிலில் தனி உரிமையே உண்டு. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரிவிட்டதும் சோறு போட்டதும் உதைத்ததும் அவள்தான். அவளை மாணிக்கவேல் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தோம். மாமா டிராக்டரில் பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். ஆறு வருஷம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. தெருவில் வளைகாப்பு நடந்தால் எல்லா வீட்டுக்கும் அழைப்பு வரும், அக்கா வீட்டுக்கு மட்டும் வராது. அவள் அன்றைக்குப் பார்த்து வேண்டுமென்றே வாசலில் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். போகிறவர்கள் வருகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தச் சமயங்களில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இருக்காது.

ஏழாவது வருஷம் பையன் பிறந்தான். ஊர்ச் சாமி பெயரையே வைத்துப் பழமலை என்று கூப்பிட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அக்கா அவனைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"மொத முடி உம்மடியில வச்சித்தான்டா எறக்கணும். கொளஞ்சியப்பருகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ எங்கனா போயிட்டன்னு வையி, காலை ஒடிச்சிடுவேன்."

தாய்மாமன் மடி என்பது சாதாரண விஷயமா? நான் அன்றைக்குப் பட்டறைக்குப் போகவே இல்லை.

மூன்றாவது வயதில்தான் முடி இறக்குவது என்று முடிவு. அதுவரை கத்தரி படக்கூடாது. பையனுக்கு முடி இடுப்பைத் தொட்டது. அக்கா இரட்டைச் சடை போட்டு மல்லிகைப்பூ வைத்துவிடுவாள். பஸ்ஸில் போனால் கண்டக்டர், "பாப்பா பேரு என்னா?" என்பார். பழமலை டிராயரைக் கீழே இறக்கிக் காட்டிவிடுவான். அவனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சொட்டு மருந்தோ கஷாயமோ எதைக் கொண்டுபோனாலும், "மாமாவுக்கு மொதல்ல" என்பான். நான் ஒரு வாய் விழுங்கிக் காட்டினால்தான் அவன் வாயைத் திறப்பான். அவனுக்குக் கொடுத்த பேதி மருந்தில் பாதி என் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது.

இனி அந்தச் சேவல்.

அக்கா வீட்டில் ஒரு செஞ்சேவல் இருந்தது. அதற்கு அப்படி என்ன திமிரோ, இரண்டு தெரு தாண்டி என் பட்டறைக்கு வரும். அது விநாயகர் சதுர்த்திக்கு முந்தின வாரம். புதுச்சேரி கடைக்காரர் ஒருவருக்கு நாற்பது பிள்ளையார் செய்து தரவேண்டும். மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி, எடுத்து, பலகையில் வரிசையாக உலர வைத்திருந்தேன். சூளைக்குப் போகாத பொம்மை என்றால் ஊதினாலே விண்டுபோகும். நான் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன், சேவல் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து முடித்துவிட்டுக் கொக்கரிக்கிறது. நாற்பதில் முப்பத்தாறு பிள்ளையாருக்குத் தும்பிக்கை இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. பாய்ந்து பிடித்தேன், சிமென்ட் சாக்கில் போட்டேன், பக்கத்துப் பட்டறை சாவியோவிடம் கொடுத்தேன். சாவியோ எனக்குச் சிநேகிதன். ஃபியூஸ் கட்டை செய்கிறவன், தலையில் பெயருக்குக்கூட ஒரு முடி கிடையாது.

"ரெஜினாவ கொழம்பு வைக்கச் சொல்லு. மொளவு தூக்கலா."

மறுநாள் மத்தியானம் அவன் மனைவி கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸில் குழம்பு வந்தது. இரண்டு காலும் எனக்கு. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அக்கா கேட்டால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் அவள் வீட்டுப் பக்கம் போனேன். தெருவே அங்கே நின்றது. அக்கா தலைவிரி கோலமாக நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"கொளஞ்சியப்பருக்கு நேந்துவிட்ட சேவல்டா. எம்புள்ள முடி எறக்குற அன்னிக்குக் கோயில்ல வுடறேன்னு வேண்டிக்கினேன். வேண்டுதல வெளிய சொல்லக்கூடாதுன்னு உங்கிட்டகூட சொல்லாம வச்சிருந்தேன். எந்தப் பாவி கண்ணு பட்டுதோ!"

எனக்கு வயிற்றுக்குள் இரண்டு காலும் எழுந்து நின்றன.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து நானும் வேலி வேலியாகப் போய் 'பா பா' என்று கூப்பிட்டுத் தேடினேன். என்னைவிட அக்கறையாக யாரும் தேடவில்லை என்று எதிர்வீட்டு வீரம்மாள் சொன்னாளாம். அக்கா என்ன செய்தாள்? அந்த வீரம்மாளைத்தான் சந்தேகப்பட்டாள். அன்றோடு அந்த வீட்டோடு பேச்சு நின்றது.

மூன்றாம் நாள் அக்கா ஒரு வெள்ளைத்தாளோடு பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"எழுதுடா. உங்கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும். சாமி தப்பில்லாம படிக்கணும்."

எழுதத் தெரியாது என்று சொல்ல முடியுமா? பேனாவைத் திறந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மணவாளநல்லூரில் குடியிருக்கும் கொளஞ்சியப்பருக்குப் பழமலையின் தாயார் பானுமதி எழுதிக்கொண்டது. உனக்கென்று வளர்த்த செஞ்சேவலை எவனோ எடுத்துப் போய்விட்டான். அவன் யார் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

"போடு, எம்புள்ள முடி வுழறதுக்கு முன்ன அவன் முடி உன் வாசல்ல வுழணும்."

"முடி எதுக்குக்கா? கை வலிக்கணும், கால் வலிக்கணும்னு எதனா போடலாமே."

"முடின்னு போடு."

"வெறும் சேவலுக்கு..."

"அவனுக்கு எதுக்குடா நீ வக்காலத்து வாங்குற?"

முடி என்று போட்டேன். முத்து முத்தாகத்தான் விழுந்தது.

சாவியோவிடம் ஓடினேன். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டுத் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். "உங்க சாமி எங்கிட்ட எடுக்குறதுக்கு ஒண்ணும் இல்லடா. நீ பாத்துக்க" என்றான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ரெஜினா மாதா கோயிலில் எனக்காக ஒரு மெழுகுவத்தி கொளுத்தினாளாம், நல்ல பெண்.

அடுத்த மூன்று மாதம் நான் பட்ட பாடு! காலையில் எழுந்ததும் தலையணையைப் பார்ப்பேன். சீப்பில் நாலு முடி வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மூன்று மாதம் போயிற்று, ஐந்து மாதம் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. சாமி மறந்திருக்கும், எத்தனை கேஸைத்தான் பார்க்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புது எண்ணெய் ஒன்று வாங்கிப் போட்டேன்.

வைகாசியில் இரண்டு சேதியும் ஒரே வாரத்தில் வந்தன. வெள்ளிக்கிழமை காலை பழமலைக்குக் கொளஞ்சியப்பர் கோயிலில் முடி இறக்குவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்தில் எனக்குப் பெண் பார்ப்பது. பெண் பெயர் இளமதி, பால்வாடியில் டீச்சர். போட்டோ வந்திருந்தது. உதட்டை மூடி அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த முகத்தை எங்கேயோ பார்த்துப் பழகிய மாதிரி இருந்தது. என் போட்டோவும் போயிருந்தது. ஸ்டுடியோக்காரனை மூன்று முறை எடுக்கச் சொல்லி, வளைவும் சுருளும் தெரிகிற மாதிரி எடுத்தது. போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் வரச்சொன்னார்கள் என்று தரகர் சொன்னார்.

இந்தச் சமயத்தில் பிராது முடியாமல் கிடக்க நான் எப்படி அந்தக் கோயிலுக்குள் போய், சவரக்கத்திக்குக் கீழே உட்கார்வது? பயத்தில் புதுச் சேவல் ஒன்றை வாங்கி அக்காவிடம் கொண்டுபோனேன். பழசைவிடப் பெரிசு.

"இத வுட்டுடலாம்க்கா. அந்தப் பிராத வாபஸ் வாங்கிடேன். நல்ல காரியம் நடக்கும்போது கேஸு கீஸு எதுக்கு?"

"சேவல் வுடறேன். பிராது பிராதுதான். எடுத்தவன் வந்து எம்முன்னால சொல்லட்டும், அடுத்த நிமிசம் வாங்கிடறேன்."

"யோசிச்சிப் பாருக்கா. அந்தச் சேவலு பிள்ளையாரு தும்பிக்கைய ஒடச்சிது. முருகன் சேவலு, பிள்ளையாரு தும்பிக்கை. இது அண்ணன் தம்பி தகராறு. நடுவுல யாரோ ஒருத்தனை ஏன் இழுக்கணும்?"

"தும்பிக்கைய ஒடச்சிதா? எப்ப?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். நல்லவேளை, அடுப்பில் பால் பொங்கியது, அவள் அதற்கு ஓடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. சொந்தக்காரர்கள் டிராக்டரில் வந்து இறங்கினார்கள். நான் தாய்மாமன் சீர் எடுத்து வந்தேன்: பட்டு வேட்டி சட்டை, காது குத்தக் கடுக்கன், வெல்லம் கலந்த பச்சரிசி, பழத்தட்டு, கூடையில் சேவல். சாவியோவும் ரெஜினாவும் வந்திருந்தார்கள். தலையில் ஒரு பெரிய துண்டைக் கட்டிக்கொண்டு, முனியப்பர் பக்கம் திரும்பாமல் நடந்தேன். நூற்றுக்கணக்கில் தாள்கள் கட்டிக் கிடந்தன. அதில் ஏதோ ஒன்று என் கையெழுத்து.

பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். பத்து மணிக்கெல்லாம் முடி இறக்கும் இடத்தில் பலகை போட்டுவிட்டார்கள். முடி எடுப்பவர் சாமிக்கண்ணு, எங்கள் அப்பா காலத்து ஆள். கிண்ணத்தில் தண்ணீர், தட்டில் சந்தனம். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அக்கா பையனைத் தூக்கி என் மடியில் வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன சொல் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

சாமிக்கண்ணு தண்ணீரைத் தொட்டுத் தலையில் வைத்தார். அவ்வளவுதான். பழமலை போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கை எல்லாம் எழும்பிப் பறந்தன. கிண்ணத்தை உதைத்தான். சந்தனத் தட்டைக் கவிழ்த்தான். சாமிக்கண்ணுவின் கட்டை விரலைக் கடித்தான். மாணிக்கவேல் மாமா காலைப் பிடித்தார், சாவியோ கையைப் பிடித்தான், பையன் விலாங்குமீன் மாதிரி வழுக்கிக்கொண்டு என் கழுத்தில் ஏறி, துண்டைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் என் முடியைப் பிடித்துக்கொண்டான்.

"மாமாவுக்கு மொதல்ல! மாமாவுக்கு மொதல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன்.

மிட்டாய் காட்டினார்கள், பலூன் ஊதினார்கள், ரெஜினா பாட்டே பாடினாள். ஒன்றுக்கும் மசியவில்லை. "அழுவுற புள்ள தலையில கத்தி வைக்கமாட்டேன். ஆடினா கீறிடும்" என்று சாமிக்கண்ணு கத்தியை மடக்கிவிட்டார். மணி பத்தேகால் ஆயிற்று. கூட்டத்தில் ஒருவர், "தாய்மாமன் முடிய குடுத்தாத்தான் என்னா?" என்றார்.

அக்கா அந்த ஆளை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"நீ எழுந்திருடா. அவுரு மடியில வச்சிக்கட்டும், அப்பன் அதட்டினா அடங்குவான். உனக்கு ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போவணும். இதுவும் தட்டிப்போச்சின்னா என்னால தாங்க முடியாதுடா. மடி எங்க போயிடப் போவுது, காது குத்துறப்ப உக்காந்துக்க."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கவும் முயன்றாள். வளைகாப்பு நாட்களில் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தாளே, அதே முகம். ஆறு வருஷம் வேண்டி மூன்று வருஷம் காத்திருந்ததை, அவள் சேவலைத் தின்ற ஒருத்தனின் கிராப்புக்காக விட்டுக்கொடுக்கிறாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சாமிக்கண்ணு அண்ணே, கத்திய எடுங்க. மொதல்ல எனக்கு."

"டேய்!" என்றாள் அக்கா.

தண்ணீரை நானே அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு குனிந்தேன். கத்தி உச்சியில் பட்டது. முதல் கொத்து என் மடியில் விழுந்தது, நெற்றி வளைவு. பழமலை அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்து பார்த்தான். இன்னொரு கொத்து விழுந்தது, காதுச் சுருள். தலை குனிந்திருந்ததால் எனக்கு அக்காவின் கால் விரல் மெட்டிதான் தெரிந்தது. முகம் தெரியாதபோதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அக்கா, சேவல எடுத்தது நான்தான்."

மெட்டி அசையவில்லை.

"எந்தச் சேவல?"

"செஞ்சேவல. முப்பத்தாறு பிள்ளையார ஒடச்சிடுச்சிக்கா. கோவத்துல புடிச்சி... நேந்துவிட்டதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"நீதானடா பிராது எழுதுன?"

"ஆமா."

"உங்கையால?"

"நீதான எழுதச் சொன்ன."

"எழுதச் சொன்னா எழுதிடுவியா? சேவல என்னாடா பண்ண?"

"கொழம்பு."

"தலைய ஆட்டாதீங்க தம்பி" என்றார் சாமிக்கண்ணு. அவர் குரலில் சிரிப்பு குலுங்கியது. சாவியோவின் கால்கள் நைசாகக் கூட்டத்துக்குப் பின்னால் நழுவின. கத்தி பிடரியில் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்து நின்றது. என் தலையில் வைகாசிக் காற்று நேராகப் பட்டது.

பளார் என்று ஒரு அறை. ஈரத் தலையில் அக்காவின் உள்ளங்கை விழுந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பாவி! பத்து மாசமா வீரம்மாகிட்ட பேசாம இருக்கேன்டா!"

இன்னொரு அறை.

அந்தச் சத்தம் பழமலைக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. கெக்கெக்கே என்று சிரித்தான். வந்து தானும் தன் சின்னக் கையால் என் மொட்டையில் ஒன்று வைத்தான். பிறகு யாரும் சொல்லாமலே என் மடியில் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப எனக்கு" என்றான்.

மணி பத்து இருபத்தைந்து. சாமிக்கண்ணு அவசரப்படாமல் உச்சியில் கத்தியை வைத்தார். பூவோடு ஒரு சடை அப்படியே அக்காவின் முந்தானையில் விழுந்தது. அவள் அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும் சேர்ந்தே வந்தன. நானும் அழுதேன். பையன் மட்டும் அழவில்லை. சந்தனம் பூசி இரண்டு மொட்டையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டபோது மாணிக்கவேல் மாமா வாயைத் திறந்தார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வாக்கியம் அது: "ரெண்டுக்கும் ஒரே காது."

சேவலைக் கோயிலில் விட்டோம். ராகு காலம் முடிந்ததும் காதும் குத்தியாயிற்று. அதன் பிறகு அக்கா என் கையைப் பிடித்துத் தரதரவென்று முனியப்பர் சன்னதிக்கு இழுத்துப் போனாள். ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"எழுது. பிராதுல சொன்ன ஆளு அகப்பட்டான். எம்புள்ள முடிக்கு முன்ன அவன் முடி உன் வாசல்ல வுழுந்துடுச்சி. வாபஸ் வாங்கிக்கிறேன்."

எழுதினேன்.

"இன்னும் இருக்குது, எழுது. அவன் வேற யாரும் இல்ல, எந்தம்பிதான். அம்மா இல்லாதவன். நான் வளத்த புள்ள, அதனால அவன் பண்ண தப்புல பாதி எனக்குச் சேரணும். ஞாயித்துக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் போறோம். இந்த மொட்டையப் பாத்துட்டு வேணாம்னு அவங்க சொன்னாங்கன்னா, அடுத்த பிராது உம்மேலயே எழுதுவேன்."

என் கையெழுத்து வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோணிப்போயிற்று. கடைசி வரியில் தண்ணீர் பட்டு மையும் பரவிவிட்டது. சாமிக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா முதலில் போனது எதிர்வீட்டுக்கு. லட்டுத் தட்டோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வீரம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சேவலத் தின்னவன்தான் ரொம்பத் தேடுவான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று சொல்லி லட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் நான், அக்கா, மாமா, பழமலை. தொப்பி போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், அக்கா முறைத்தாள். பெண் வீட்டில் இளமதியின் அப்பா பாலகிருஷ்ணன் வாசலுக்கு வந்து, எங்களைப் பார்த்து, எங்களுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"மாப்பிள்ள அடுத்த பஸ்ஸுல வராருங்களா?"

"நான்தாங்க" என்றேன்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அவர் கையில் என் போட்டோ இருந்தது. அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். காது இரண்டும் தெரிய உட்கார்ந்திருந்தேன். இதுவும் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்னால் அக்கா ஆரம்பித்துவிட்டாள். பிள்ளையாரிலிருந்து பளார் வரை ஒன்றையும் விடவில்லை. அவள் நடுநடுவே என் தலையில் கை வைத்துக் காட்ட, பழமலையும் ஓடிவந்து ஒரு போடு போட்டான். அங்கே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பாலகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார்.

அப்போது உள்கட்டுக் கதவருகில் இருந்து ஒரு குரல் கேட்டது. இளமதி காபித் தட்டோடு நின்றிருந்தாள்.

"கொழம்பு எப்படிங்க இருந்துது?"

என்ன சொல்வது? 'வாயில் வைக்க முடியவில்லை' என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். அக்கா வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சேவலை மறைத்துப் பத்து மாதம் பட்டது போதும் என்றிருந்தது எனக்கு.

"நல்லா இருந்துதுங்க. காலு ரெண்டும் நான்தான் சாப்பிட்டேன்."

சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூட மறந்துபோனேன், பல் எல்லாம் தெரிந்திருக்கும். இளமதி ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாயைப் பொத்தப் பார்த்தாள். முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவளுக்கும் முன்பல் கொஞ்சம் எடுப்பு. போட்டோவில் உதட்டை ஏன் அப்படி இறுக்கி மூடியிருந்தாள் என்பதும், அந்த முகம் ஏன் பழகிய மாதிரி இருந்தது என்பதும் எனக்கு அப்போது புரிந்தது.

அவள் முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். "மாமாவுக்கு மொதல்ல" என்று பழமலை எல்லோருக்கும் கேட்கும்படி உத்தரவு போட்டான்.

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சர்க்கரை இருந்தது.